கரும்பச்சைப் படிகமும் ஊதாக் கரைசலும்: ஒரு தாமிர அணைவுச் சேர்மத்தோடு நான்கு மாதங்கள்

சாலிசிலால்டிஹைடு புட்டியைத் திறந்ததும் கசப்புப் பாதாம் வாசனை எழுந்து ஆய்வகத்தின் கடைசி மேசை வரை போகும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்த வாசனை எங்கள் குறிப்பேட்டுத் தாள்களில் ஊறிப்போயிருந்தது. இப்போது அந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இதேபோன்ற வேலையில் இறங்கும் மாணவர்களுக்கு உதவும் என்பதால், தவறிய இடங்களையும் விடாமல் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருத்தி டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளோடு வந்தாள். எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான். ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உண்டாகும் ஒரு ஷிஃப் காரத்தைத் தயாரிக்கிறார்கள். உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈனியாக அதைத் தாமிரத்தோடு பிணைத்து அணைவுச் சேர்மமாக்குகிறார்கள். படிக அமைப்பைக் கண்டறிகிறார்கள். பிறகு ஆக்சிஜனேற்றத் தடுப்பு (ஆன்டிஆக்சிடன்ட்) திறனை அளந்து, தனி ஈனியைவிட அணைவுச் சேர்மமே மேல் என்று முடிக்கிறார்கள்.

"நாமும் இப்படி ஒன்று செய்யலாமா, மேடம்?"

"செய்யலாம். முதலில் விடை தெரிந்த ஒரு சேர்மத்தில் கை பழகட்டும். அதில் நம் அளவீடு சரியாக நின்றால் புதியதைத் தொடலாம்."

அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் செய்வதில் என்ன இருக்கிறது என்று அந்த வயதில் எனக்கும் தோன்றியிருக்கும். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது காப்பர் சாலன்.

சாலன் என்பது ஒரு எத்திலீன்டைஅமீன் மூலக்கூறின் இரு முனைகளிலும் இரண்டு சாலிசிலால்டிஹைடுகள் கோத்துக்கொண்ட ஈனி. உள்நோக்கி இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். நம் பாடநூல்கள் இதைக் கொடுக்கிணைப்பு என்று சொல்கின்றன. நண்டு தன் கொடுக்குகளால் ஒரு கூழாங்கல்லைக் கவ்விப் பிடித்திருப்பதை நினைத்தால் சொல்லின் பொருத்தம் புரியும். இந்தக் குடும்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சாலிசிலால்டிஹைடு, அம்மோனியா, காப்பர் அசிட்டேட் மூன்றையும் சேர்த்து எட்லிங் என்பவர் 1840இலேயே ஒரு கரும்பச்சைப் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வகை ஈனிகளுக்குப் பெயர் கொடுத்த ஹூகோ ஷிஃப்பின் வேலை 1864இல்தான் வந்தது. சாலன் அணைவுகளை விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் பால் ஃபைஃபர், 1933இல். காப்பர் சாலனின் படிக அமைப்பை ஹால், வாட்டர்ஸ் இருவரும் 1960இல் வெளியிட்டார்கள். எங்கள் விடைத்தாள் அது.

தயாரிப்பு

ஈனியைத் தயாரிப்பது சுலபம். 40 மி.லி. மெத்தனாலில் 2.13 மி.லி. சாலிசிலால்டிஹைடு, அதாவது 20 மில்லிமோல். இன்னொரு பீக்கரில் 10 மி.லி. மெத்தனாலில் 0.67 மி.லி. எத்திலீன்டைஅமீன், 10 மில்லிமோல். இரண்டாவதை முதலாவதில் சொட்டுச் சொட்டாக விட்டால், மூன்றாவது சொட்டிலேயே கரைசல் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். அரைமணி நேரம் மெல்லச் சூடாக்கி, பனிக்கட்டியில் வைத்தால் பளபளக்கும் மஞ்சள் தகடுகள் இறங்கும்.

முதல் முறை எங்களுக்கு எடை பாதிகூடத் தேறவில்லை. காரணம் எத்திலீன்டைஅமீன் புட்டியின் மூடியிலேயே இருந்தது: வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. அந்தத் திரவம் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சிக் கெட்டுப்போகும். அது புகைகிற திரவமும்கூட, ஆகவே புகைக் கூண்டுக்குள் வைத்தே திறக்க வேண்டும். புதுப் புட்டி வாங்கிச் செய்தபோது 2.41 கிராம் கிடைத்தது, கிட்டத்தட்ட 90 சதவீதம். உருகுநிலை 126 டிகிரி செல்சியஸ்.

அணைவுச் சேர்மத்துக்கு, 1.34 கிராம் ஈனியைச் சூடான மெத்தனாலில் கரைத்து, 1 கிராம் காப்பர் அசிட்டேட் மோனோஹைட்ரேட்டை 30 மி.லி. வெதுவெதுப்பான மெத்தனாலில் கரைத்து ஊற்றினோம். இரண்டும் 5 மில்லிமோல். மஞ்சளும் நீலப்பச்சையும் சேர்ந்த கணத்தில் கரும்பச்சை வீழ்படிவு திரண்டது. ஒரு மணி நேரம் மீள் கொதிக்கவைத்து வடிகட்டினோம்.

கழுவுவதைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வடிதாளில் நிற்கும் பச்சைப் பொடிக்குள் வினைபடாத காப்பர் அசிட்டேட் ஒளிந்திருந்தால், பின்னால் வரும் எல்லாச் சோதனைகளையும் அது கெடுக்கும். சூடான மெத்தனால், பிறகு நீர், பிறகு மறுபடி மெத்தனால் என்று மாற்றி மாற்றிக் கழுவினோம். போதுமா என்பதைப் பள்ளிக்கூட உப்பு ஆய்வில் படித்ததைக் கொண்டே பார்த்தோம்: கழுவிய நீரில் சில துளி பொட்டாசியம் ஃபெரோசயனைடு. தாமிரம் இருந்தால் சாக்லேட் பழுப்பு வரும். ஆறாவது கழுவலில்தான் நீர் நிறம் மாறாமல் நின்றது. உலர்த்திய எடை 1.40 கிராம், 85 சதவீதம்.

அகச்சிவப்பு நிறமாலையில், ஈனியில் பரந்து கிடந்த ஓ-ஹெச் முகடு அணைவில் மறைந்துபோயிருந்தது. "ஃபீனால் ஹைட்ரஜன் போய்விட்டது, தாமிரம் உட்கார்ந்துவிட்டது" என்று மாணவி குறிப்பேட்டில் எழுதினாள். சரியான வரி. அந்த ஒரு வரிக்குள் பின்னால் வரப்போகும் விடையின் பாதி இருந்ததை அன்று நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

படிகத்துக்காகக் காத்திருந்த நாட்கள்

பொடி கிடைப்பது ஒரு பிற்பகல் வேலை. எக்ஸ்-கதிர் ஆய்வுக்கு ஏற்ற ஒற்றைப் படிகம் கிடைக்க எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. நான் மிக விரும்பிச் செய்த பகுதியும் இதுதான்.

முதல் முயற்சி மெத்தனால். அதில் சேர்மம் அரைகுறையாகத்தான் கரைகிறது. ஆறவைத்தால் பொடியாகவே திரும்ப இறங்கியது.

இரண்டாவது குளோரோஃபார்ம். இதில் நன்றாகக் கரைந்தது. கரும்பச்சைப் பொடி குளோரோஃபார்முக்குள் போனதும் ஊதாவாக மாறியதைக் கண்டு மாணவி பயந்துவிட்டாள், சேர்மம் சிதைந்துவிட்டதோ என்று. சிதையவில்லை. திண்மத்தில் தாமிரத்தைச் சுற்றி உள்ள சூழல் வேறு, கரைசலில் வேறு. அதன் விவரம் பின்னால் வரும். சிறு குப்பியின் வாயில் அலுமினியத் தாள் சுற்றி, ஊசியால் மூன்று துளைகள் போட்டு வைத்தோம். ஐந்தாம் நாள் அழகான கருஊதாக் கட்டிகள். ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முகங்கள் மங்கின, சில நிமிடங்களில் பச்சைப் புழுதியாக உதிர்ந்தது. படிகத்துக்குள் குளோரோஃபார்ம் மூலக்கூறுகளும் சேர்ந்து அடுக்கியிருந்தன. அவை ஆவியாகிப் போனதும் வீடு இடிந்துவிட்டது. இப்படிப்பட்ட படிகங்களைக் கரைசலிலிருந்து எடுத்த கணமே எண்ணெயில் முக்கிக் குளிர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்து அளப்பார்கள். நாங்கள் அளவீட்டுக்கு அனுப்பவேண்டிய படிகம் தபாலில் பயணம் போக வேண்டியது. ஆகவே இதை விட்டோம்.

மூன்றாவது, ஆவி ஊடுருவல் முறை. சிறு குப்பியில் சேர்மத்தை டைமெத்தில்ஃபார்மமைடில் கரைத்து, அதைத் திறந்தபடியே ஒரு பெரிய குப்பிக்குள் வைக்க வேண்டும். பெரிய குப்பியின் அடியில், சேர்மத்தைக் கரைக்காத இன்னொரு கரைப்பான். வெளிமூடியை இறுக மூடினால், வெளிக் கரைப்பானின் ஆவி மெல்ல மெல்ல உள்ளே போய், சேர்மத்தைக் கரைசலிலிருந்து அவசரப்படாமல் வெளியே தள்ளும். அவசரப்படாமல் என்பதுதான் இதன் உயிர். புத்தகங்களில் வெளிக் கரைப்பானாக டைஎத்தில் ஈதரைச் சொல்வார்கள், நாங்களும் அதையே ஊற்றினோம். அதன் கொதிநிலை 34.6 டிகிரி. மார்ச் மாதப் பிற்பகலில் எங்கள் ஆய்வகமே அதைத் தாண்டிவிடுகிறது. மறுநாள் பார்த்தால் ஈதர் வெளியேறி, ஒரு குப்பியின் மூடி தளர்ந்து, உள்ளே பச்சைச் சேறு. தீப்பற்றும் ஆபத்தையும் நினைத்து அன்றே ஈதரை ஆய்வக மேசையிலிருந்து அகற்றினேன். குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறையை நம் ஊர் வெயிலில் அப்படியே செய்யக்கூடாது.

நான்காவது முறை அதே அமைப்பு, வெளியே ஈதருக்குப் பதில் மெத்தனால். குப்பிகள் புதியவை, உட்புறக் கீறல் இல்லாதவை. கீறல் இருந்தால் அங்கெல்லாம் ஆயிரம் சிறு படிகங்கள் முளைத்து ஒன்றும் வளராது. கரைசலை 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக விட்டுத் தூசியை நீக்கினோம். மின்விசிறி, கதவு, மையச்சுழற்சி இயந்திரம் எதுவும் அதிர்வைத் தராத இடமாக அலமாரியின் கீழ்த்தட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தாளில் "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டினோம். அதை முதலில் மீறியது மாணவிதான். தினமும் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். "வளர்கிறதா என்று பார்க்காமல் எப்படி இருக்க முடியும், மேடம்?" என்றாள். அவள் ஆவலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் பார்த்த குப்பிகளில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளர்ந்திருந்தன, அவள் எட்டாமல் விட்ட பின்வரிசைக் குப்பியில் ஒன்பதாம் நாள் தனித்தனிக் கட்டிகள் நின்றன. அந்த வித்தியாசத்தை அவளே கண்டுபிடித்தாள்.

எடுத்தவுடன் அனுப்பிவிடக் கூடாது. முனைவாக்க நுண்ணோக்கியில் அதன் இரு ஒளிவடிகட்டிகளையும் குறுக்காக வைத்துப் படிகத்தைச் சுழற்றினால், நல்ல படிகம் 90 டிகிரிக்கு ஒருமுறை முழுவதும் ஒரே சமயத்தில் இருளும். ஒட்டிய தகடுகளில் ஒரு பாதி இருண்டபோது மறுபாதி ஒளிர்ந்தது. இரட்டைப் படிகம். அவற்றை ஒதுக்கினோம். தேர்ந்தவற்றில் பெரியது நீளத்தில் 0.25 மில்லிமீட்டர், ஒரு உப்புக் கல்லுக்கும் சிறியது. மூன்று படிகங்களைத் தாய்க்கரைசலோடு சேர்த்து அடைத்து, கட்டணம் செலுத்தி அளந்துகொள்ளும் ஒரு கருவி மையத்துக்கு அனுப்பினோம். ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர்க் கருவி எங்களைப் போன்ற கல்லூரிகளில் இருக்காது. சென்னை ஐ.ஐ.டி.யில் இருப்பதுபோன்ற பொதுக் கருவி மையங்கள் இல்லாவிட்டால் இந்த வேலையை நாங்கள் தொட்டிருக்கவே முடியாது.

படிகம் சொன்னது

தரவு வந்த நாளில் இருவரும் கணினி முன் உட்கார்ந்தோம். மாலிப்டினம் கதிர், அலைநீளம் 0.71073 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), அறை வெப்பநிலை. அலகுக்கூடு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டி, மோனோகிளினிக் வகை. நீண்ட அச்சு சுமார் 26.6, மற்ற இரண்டும் சுமார் 7.0, 14.7 ஆங்ஸ்ட்ராம். கட்டமைப்பு மாதிரி அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் காரணி 0.034. இந்த எண் 0.05க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக மூச்சுவிடலாம். ஓல்கா கென்னார்ட் 1965இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் படிகத் தரவகத்தில் உள்ள காப்பர் சாலனோடு கூட்டின் அளவுகள் பொருந்தின. சேர்மம் சரி.

மெர்க்குரி என்ற இலவச மென்பொருளில் மூலக்கூறைத் திறந்தாள். நடுவில் தாமிரம், சுற்றி நான்கு அணுக்கள், கிட்டத்தட்ட ஒரே தளத்தில். தாமிரம்-ஆக்சிஜன் 1.9 ஆங்ஸ்ட்ராம் அளவில், தாமிரம்-நைட்ரஜன் சற்றே கூடுதலாக 1.95க்கு அருகில். "தளச்சதுரம்" என்று எழுதப்போனாள்.

"அண்டை மூலக்கூறையும் சேர்த்துக் காட்டு" என்றேன்.

சேர்த்தபோது படம் மாறியது. ஒரு மூலக்கூறின் ஆக்சிஜன் எதிரிலுள்ள மூலக்கூறின் தாமிரத்தை மேலிருந்து தொட்டுக்கொண்டிருந்தது, 2.41 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில். எதிரிலுள்ளதும் அதேபோல இதைத் தொட்டது. இரண்டும் முகம் பார்த்து அமர்ந்து ஓர் இருபடியாகின்றன. ஆகவே திண்மத்தில் தாமிரத்தின் அணைவு எண் ஐந்து, வடிவம் சதுரப் பிரமிடு. நான்கு பிணைப்புகள் குட்டை, ஐந்தாவது நீளம். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த தாமிரம் இரண்டு அயனியில் ஒன்பது டி எலக்ட்ரான்கள். ஜான், டெல்லர் இருவரும் 1937இல் சொன்ன விளைவு தாமிரத்தின் பிணைப்புகளை இப்படிக் குட்டை, நெட்டை எனப் பிரித்துவிடுவதைப் பாடத்தில் நடத்தியிருக்கிறேன். எங்கள் கையால் வளர்த்த படிகத்தில் அந்த 2.41 என்ற எண்ணைத் திரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் நிறைந்தது.

நிற மாற்றத்தின் காரணமும் இதுதான். இருபடியாக அடுக்கிய திண்மம் கரும்பச்சை. குளோரோஃபார்மில் அந்த ஐந்தாவது தொடுப்பு அறுந்து, மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிரிகின்றன. ஊதா. சோதனைகளுக்குச் சேர்மத்தைக் கரைக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடிலும் இருபடி நிற்பதில்லை. அப்படியென்றால், படிகத்தில் நாம் கண்ட வடிவம் சோதனைக் குழாயில் இருக்கும் வடிவம் அல்ல. கட்டுரைகளில் படிகப் படத்தைப் போட்டு அடுத்த பக்கத்திலேயே கரைசல் சோதனையை வைக்கும்போது, இந்த இடைவெளியைப் பலர் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

தேர்ந்தெடுத்த ஒரு படிகம் மொத்தப் பொடிக்கும் சாட்சியாகிவிடாது என்பதால், பொடியின் எக்ஸ்-கதிர்க் கோலத்தையும் எடுத்தோம். ஒற்றைப் படிகத்திலிருந்து கணக்கிட்ட கோலத்தோடு முகடுகள் ஒத்துப்போயின.

37 சதவீதம் என்ற எண்

இனி ஆக்சிஜனேற்றத் தடுப்பு. முதல் சோதனை டி.பி.பி.எச். முறை, பிளோய்ஸ் 1958இல் வகுத்தது. டி.பி.பி.எச். என்பது ஆயுள் நீண்ட ஒரு தனி உறுப்பு (இணைசேராத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு), மெத்தனாலில் அடர் ஊதா. ஹைட்ரஜன் அணுவோ எலக்ட்ரானோ கொடுக்கும் பொருள் வந்தால் நிறமிழந்து மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தல் எவ்வளவு குறைகிறது என்பதே அளவு. 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. கரைத்தால் 0.1 மில்லிமோலார். உட்கவர்தல் எங்களுக்கு 1.12 வந்தது.

அணைவுச் சேர்மம் 500 மைக்ரோமோலார், 30 நிமிடம். மாணவி ஓடி வந்தாள்.

"0.71 வந்துவிட்டது, மேடம். 37 சதவீதம்!"

அவள் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்: 1.12 எப்போது எடுத்தது? சோதனை தொடங்கும்போது. வெறும் டி.பி.பி.எச். குழாய் அந்த 30 நிமிடம் எங்கே இருந்தது? அளந்தபின் கழுவப்பட்டுவிட்டது. மற்ற குழாய்கள்? ஜன்னலோர மேசையில்.

அடுத்த நாள் அதே மேசையில் வெறும் டி.பி.பி.எச். கரைசலை மட்டும் அரைமணி நேரம் வைத்தோம். 1.12 தானாகவே 0.79க்கு இறங்கியது. வெயில்தான் அந்த "திறனின்" பெரும்பகுதி.

இன்னொரு தவறும் இருந்தது, எதிர்த் திசையில். அணைவுச் சேர்மத்தின் கரைசலே ஊதா. அதன் பட்டை 570 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது, 517 வரை பரவுகிறது. டி.பி.பி.எச். இல்லாமல் சேர்மத்தை மட்டும் அதே செறிவில் அளந்தபோது 0.08. இதைக் கழிக்காவிட்டால் சேர்மத்தின் திறன் குறைவாகத் தெரியும். ஒன்று கூட்டியது, ஒன்று குறைத்தது. இரண்டும் சேர்ந்து ஒரு பொய்யான எண்ணை நம்பத்தகுந்ததாக ஆக்கிவிட்டன.

மூன்றாம் முறை எல்லாக் குழாய்களுக்கும் அலுமினியத் தாள் சுற்றினோம். கட்டுப்பாட்டுக் குழாயிலும் அதே அளவு டைமெத்தில் சல்ஃபாக்சைடு. ஒவ்வொரு செறிவுக்கும் சேர்மத்தின் தனி நிறத்துக்கு ஒரு வெற்று மாதிரி. கலங்கல் ஏதும் இல்லையென்று உறுதிசெய்ய 700 நானோமீட்டரிலும் ஒரு அளவு; சேர்மம் நுண்துகளாக வீழ்ந்தால் அங்கே எண் உயர்ந்து காட்டிக்கொடுக்கும். இப்போது கட்டுப்பாடு 1.09, சேர்மம் 1.06, அதிலிருந்து 0.08 போக 0.98. திறன் 10 சதவீதம். தனி ஈனி அதே செறிவில் 17 சதவீதம். ஒப்பீட்டுக்கு வைத்த அஸ்கார்பிக் அமிலம், பத்தில் ஒரு பங்கு செறிவிலேயே நிறம் முழுவதையும் துடைத்துவிட்டது.

அணைவைவிட ஈனியே மேல். அவள் கொண்டுவந்த கட்டுரைகளுக்கு நேர் எதிர். அவள் உடைந்துபோனாள். அன்று மாலை குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அவள் கையெழுத்திலேயே இருந்த வரியைக் காட்டினேன்: ஃபீனால் ஹைட்ரஜன் போய்விட்டது, தாமிரம் உட்கார்ந்துவிட்டது. டி.பி.பி.எச்.க்குக் கொடுக்கவேண்டியது அந்த ஹைட்ரஜனைத்தான். தாமிரம் வந்து உட்கார்ந்தபோதே அது வெளியேறிவிட்டது. கையில் இல்லாததை எப்படிக் கொடுக்கும்? ஈனியிலும் அந்த ஹைட்ரஜன் பக்கத்து நைட்ரஜனோடு பிணைந்து கிடப்பதால் அதுவும் தாராளமாகக் கொடுப்பதில்லை, அதனால்தான் 17. எண்கள் மூலக்கூறின் வடிவத்தோடு கச்சிதமாகப் பேசின. அவள் முகம் தெளிந்தது அந்த இடத்தில்தான்.

அட்டைப் பெட்டிக்குள் சூப்பர்ஆக்சைடு

தாமிரச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களாக எண்ணுவதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. நம் செல்களில் உள்ள சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி. மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் அதன் வேலையைக் கண்டறிந்தார்கள். அதன் மையத்தில் தாமிரம் இரண்டிலிருந்து ஒன்றுக்கும், மறுபடி இரண்டுக்கும் மாறி மாறிப் போய், சூப்பர்ஆக்சைடை, அதாவது ஓர் எலக்ட்ரான் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜனை, ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிக்கிறது. இங்கே ஹைட்ரஜன் கொடுக்கும் வேலை இல்லை. எங்கள் சேர்மம் இதைச் செய்யுமா?

ஒளியால் சூப்பர்ஆக்சைடை உண்டாக்கும் முறையை எடுத்தோம். பி.ஹெச். 7.8 பாஸ்பேட் தாங்கல் கரைசல், 13 மில்லிமோலார் மெத்தியோனின், 75 மைக்ரோமோலார் என்.பி.டி. சாயம், 2 மைக்ரோமோலார் ரைபோஃபிளேவின். வெளிச்சம் பட்டால் சூப்பர்ஆக்சைடு உண்டாகி, சாயத்தை நீலமாக்கும். 560 நானோமீட்டரில் அளக்கலாம். நீலம் குறைந்தால் சூப்பர்ஆக்சைடை யாரோ விழுங்குகிறார்கள்.

விளக்குப் பெட்டியை நாங்களே செய்தோம். பழைய அட்டைப்பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டி, 15 வாட் குழல் விளக்குகள் இரண்டை எதிரெதிர்ச் சுவர்களில் பொருத்தினோம். முதல் ஓட்டத்தில் ஓரக் குழாய்கள் வெளிறியும் நடுக் குழாய்கள் அடர்ந்தும் வந்தன. குழாய் தாங்கியை வட்டமாக மாற்றி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கையால் திருப்பிக்கொண்டே இருந்தோம். பத்து நிமிடத்தில் எல்லாம் சீரானது. வெப்பம் ஏறாமல் இருக்கப் பெட்டியின் பின்புறம் வெட்டி ஒரு கணினி விசிறி.

சேர்மம் இல்லாமல் 0.62. 10 மைக்ரோமோலார் சேர்மத்தோடு 0.34. 45 சதவீதம்! இம்முறை அவள் ஓடி வரவில்லை. "காப்பர் அசிட்டேட்டை மட்டும் போட்டுப் பார்க்கிறேன், மேடம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த நான்கு மாதங்களும் தகும்.

காப்பர் அசிட்டேட் 0.22, அதாவது 65 சதவீதம். ஈனியே இல்லாத வெறும் தாமிர அயனி எங்கள் சேர்மத்தை முந்தியது. நீரில் தனித்திருக்கும் தாமிர அயனி சூப்பர்ஆக்சைடைப் பிரிப்பதில் நொதிக்கே ஈடாக ஓடக்கூடியது. ஆனால் உடலில் அது புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், பெராக்சைடோடு சேர்ந்து மிகக் கொடிய ஹைட்ராக்சில் உறுப்புகளையும் உண்டாக்கும். ஆகவே கேள்வி இதுதான்: எங்கள் 45 சதவீதம் சேர்மத்தின் வேலையா, அதிலிருந்து கசிந்த தாமிரத்தின் வேலையா?

ஈ.டி.டி.ஏ. 0.1 மில்லிமோலார் சேர்த்தோம். அது தனித்த தாமிரத்தைக் கவ்விச் செயலிழக்கச் செய்துவிடும். ஈ.டி.டி.ஏ.யே ஒளி வினையில் கலந்துகொள்ளும் என்பதால் அதற்கும் தனிக் கட்டுப்பாடு: 0.64. காப்பர் அசிட்டேட் இப்போது 0.62, திறன் 3 சதவீதம். எங்கள் சேர்மம் 0.55, 14 சதவீதம். ஈ.டி.டி.ஏ. கலந்த சேர்மக் கரைசலை ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்த்தபோது 360 நானோமீட்டரை ஒட்டிய அதன் வலுவான பட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கொடுக்கின் பிடியிலிருந்து தாமிரம் கழன்றுகொண்டிருக்கிறது. அந்த 14இலும் முழுவதும் சேர்மத்துக்குரியது என்று எழுத எங்களுக்குத் துணிவில்லை. 45ஐ மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் அது அழகான அட்டவணையாகியிருக்கும், உண்மையாகியிருக்காது.

இதற்கும் படிகம் பதில் வைத்திருந்தது. நொதியின் அமைப்பை ஜேன் ரிச்சர்ட்சனின் குழு 1975இல் மாட்டு இரத்தச் சிவப்பணுவிலிருந்து எடுத்துக் காட்டியது. அங்கே தாமிரத்தை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் நான்கு பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பக்கத்திலுள்ள துத்தநாகத்துக்குப் பாலமாக நிற்கிறது. தாமிரம் ஒன்றாக மாறும்போது அந்தப் பாலம் விட்டுக்கொடுக்கிறது, தாமிரம் மூன்று பிணைப்புகளோடு வசதியாக அமர்கிறது. இரண்டு நிலைகளுக்கும் இடம் தரும் வீடு அது. சாலன் அப்படியல்ல. இரண்டு எதிர்மின் சுமைகளோடு தாமிரத்தைத் தட்டையான சட்டத்தில் இறுக்கிப் பிடிக்கிறது. தட்டை என்பது தாமிரம் இரண்டுக்குப் பிடித்த வடிவம். தாமிரம் ஒன்று நான்முகியை நாடும். சூப்பர்ஆக்சைடைப் பிரிக்க, தாமிரம் எலக்ட்ரானை ஏற்கும் போக்கைக் காட்டும் ஒடுக்க மின்னழுத்தம் சுமார் −0.33 வோல்ட்டுக்கும் +0.9 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். காப்பர் சாலனை ஒடுக்க மைனஸ் ஒரு வோல்ட்டுக்கும் கீழே போக வேண்டியிருக்கிறது. நான்கு குட்டைப் பிணைப்புகளையும் அந்தத் தட்டைத் தளத்தையும் முதலில் பார்த்தபோதே இதை எதிர்பார்த்திருக்கலாம்.

ஆகவே அடுத்து, சட்டத்தைத் தளர்த்தப் போகிறோம். சாலனின் இரண்டு இமீன் (கார்பன்-நைட்ரஜன்) இரட்டைப் பிணைப்புகளையும் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினால், மஞ்சள் நிறம் மறைந்து வெண்ணிறப் பொருள் கிடைக்கிறது. அதன் கைகள் வளையக்கூடியவை, தாமிரம் தளத்தை விட்டுச் சற்றுத் திருகிக்கொள்ள இடம் இருக்கும் என்று நினைக்கிறோம். சென்ற வாரம் தயாரித்த 1.9 கிராம் இப்போது டெசிகேட்டரில் இருக்கிறது. தாமிரம் இன்னும் சேர்க்கவில்லை. மாணவி குறிப்பேட்டில் புதுப் பக்கம் திறந்து அட்டவணைக்குக் கோடு போட்டிருக்கிறாள். முதல் நெடுவரிசை வெறும் கரைப்பான், இரண்டாவது சேர்மத்தின் தனி நிறம், மூன்றாவது காப்பர் அசிட்டேட், நான்காவது ஈ.டி.டி.ஏ. புதிய சேர்மத்தின் பெயர் ஐந்தாவது நெடுவரிசையில்தான் வருகிறது.